மில்லிகிராமில் எழுதியிருக்கு, மில்லியில் எவ்வளவு ஏற்றணும்? மருந்துக் கணக்கு கேள்வி – பதில்

நர்ஸிங் படிக்கிற பிள்ளைகளிடமிருந்து மருந்துக் கணக்கு பற்றி நிறையவே கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த இதழில் வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை, முழுக்க இதுதான். நர்ஸிங் மாணவிகளுக்கு வகுப்பிலும் வார்டிலும் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கையில் பேனாவும் ஒரு நோட்டும் வைத்துக்கொண்டு படியுங்கள். கூடவே போட்டுப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே வரும் டோஸ் எல்லாம் கணக்குப் பயிற்சிக்கு மட்டும்தான். டாக்டரைக் கேட்காமல் வீட்டில் யாருக்கும் இதை வைத்து மருந்து கொடுக்காதீர்கள்.

“சிஸ்டர், திருவண்ணாமலைப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தேன். இப்போது சென்னையில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. நர்ஸிங் முதல் வருடம். கணக்கு எனக்கு வரவே வராது, பிளஸ் டூவில் கணக்கு இல்லாத குரூப் எடுத்ததே அதனால்தான். அடுத்த மாதம் டோஸ் கால்குலேஷன் டெஸ்ட் வைக்கப்போகிறார்கள். மேடம் போர்டில் போடும்போது புரிகிறது, ரூமுக்கு வந்தால் எதை எதால் வகுப்பது என்றே தெரியவில்லை. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?”
– மாணவி, கீழ்ப்பாக்கம்

ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலிருந்து ஆரம்பி மா. மனதைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. சமச்சீர் புத்தகத்தில் விகிதம், விகித சமம், ஓரலகு முறை என்று ஒரு பாடம் வருமே, உனக்குத் தேவையானதில் முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது. அதோடு பின்னம், தசமம், அளவைகளை மாற்றுவது. அவ்வளவுதான். அல்ஜீப்ராவோ டிரிக்னாமெட்ரியோ இதில் எங்கேயும் வராது. ஒரு கிலோ பருப்பு 160 ரூபாய் என்றால் முக்கால் கிலோ எவ்வளவு என்று கடையில் நின்று நொடியில் சொல்லிவிடுவாய், இதுவும் அதே கணக்குதான்.

ஒரு உதாரணம் பார்ப்போம். அமிகாசின் என்ற மருந்தை 375 மில்லிகிராம் கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கிறார். உன் கையில் இருக்கும் வயலில், அதாவது மருந்துக் குப்பியில், ‘2 மில்லியில் 500 மில்லிகிராம்’ என்று போட்டிருக்கிறது. சூத்திரத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடு. முழு வயலும் 2 மில்லி, அதில் 500. பாதி வயல் 1 மில்லி, அதில் 250. நமக்கு வேண்டியது 375, அதாவது இரண்டுக்கும் நட்ட நடுவில். அப்போ விடை 1 மில்லிக்கு மேலே, 2 மில்லிக்குக் கீழே, ஒன்றரை மில்லிக்குப் பக்கத்தில்தான் இருக்க முடியும். இவ்வளவையும் மனதில் பார்த்த பிறகு சூத்திரத்துக்குப் போ. எழுதியிருப்பது வகுத்தல் கையில் இருப்பது, பெருக்கல் அது எத்தனை மில்லியில் இருக்கிறதோ அது. 375-ஐ 500-ஆல் வகுத்தால் 0.75, அதை 2-ஆல் பெருக்கினால் 1.5 மில்லி. மனதில் பார்த்ததும் தாளில் வந்ததும் ஒத்துப்போகிறது, சரி.

எதை எதால் வகுப்பது என்று குழம்புகிற பிள்ளைகள் எல்லாருமே சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள்தான். பதற்றத்தில் தலைகீழாகப் போட்டு, 500-ஐ 375-ஆல் வகுத்து, 2-ஆல் பெருக்கி 2.66 என்று எழுதிவிடுவார்கள். வயலில் இருப்பதே 2 மில்லி, அதிலிருந்து 2.66 மில்லி எப்படி எடுப்பது? விடை எந்தப் பக்கம் இருக்கும் என்று முதலிலேயே பார்த்து வைத்தவளுக்கு அது அந்த இடத்திலேயே உறுத்தும்.

அடுத்து அலகு. இதற்குத்தான் நீ அதிக நேரம் ஒதுக்க வேண்டும். 1 கிராம் என்றால் 1000 மில்லிகிராம், 1 மில்லிகிராம் என்றால் 1000 மைக்ரோகிராம், 1 லிட்டர் என்றால் 1000 மில்லி. பெரியதிலிருந்து சின்னதுக்குப் போனால் பெருக்கணும், சின்னதிலிருந்து பெரியதுக்குப் போனால் வகுக்கணும். டிகாக்ஸின் 125 மைக்ரோகிராம் கொடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறது, மாத்திரை அட்டையில் 0.25 மில்லிகிராம் என்று இருக்கிறது. அலகைக் கவனிக்காமல் 125-ஐ 0.25-ஆல் வகுத்தால் 500 மாத்திரை வரும்! 125 மைக்ரோகிராமை முதலில் 0.125 மில்லிகிராமாக மாற்றிவிட்டு வகுத்தால் அரை மாத்திரை. கணக்கு போடுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் ஒரே அலகு இருக்கிறதா என்று பார்ப்பதை ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொள். எண்ணை மட்டும் எழுதாதே, ஒவ்வொரு வரியிலும் எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் சேர்த்து எழுது. டெஸ்டில் மார்க் போவது பெரும்பாலும் அலகை எழுதாமல் விட்ட வரியில்தான், பெருக்கத் தெரியாமல் யாரும் மார்க்கை இழப்பதில்லை.

இன்னொன்று, தமிழ் மீடியம் என்று நீ தயங்கவே வேண்டாம். கேள்வி இங்கிலீஷில் இருந்தாலும் அதைத் தமிழில் உனக்கு நீயே சொல்லிப் பார்: “டாக்டர் எவ்வளவு கேட்கிறார்? பாட்டிலில் எவ்வளவு இருக்கு? அது எத்தனை மில்லியில் இருக்கு?” மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் கணக்கு முடிந்த மாதிரிதான். ஒரே நாளில் ஐம்பது கணக்கு போடுவதைவிட, தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்தாறு கணக்கு போடு. ரூம்மேட் ஒருத்தி கேள்வி சொல்லட்டும், நீ வழியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடு. எந்த இடத்தில் வாய் திக்குகிறதோ அந்த இடம் உனக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம், மறுநாள் காலையில் மேடத்திடம் அந்த ஒரு இடத்தை மட்டும் கேள்.

“ஜிஎன்எம் (நர்ஸிங் டிப்ளமோ) இரண்டாம் வருடம் படிக்கிறேன். ட்ரிப் ஏற்றும்போது நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்ற கணக்கு ஒவ்வொரு தடவையும் தப்பாகிறது. யூடியூபில் ஒரு விடை, எங்கள் நோட்டில் வேறு விடை. எது சரி?”
– மாணவி, தாம்பரம்

இரண்டுமே சரியாக இருக்கலாம், ட்ரிப் ஏற்றும் குழாய் செட் வேறாக இருந்திருக்கும். ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்பது ட்ரிப் செட்டைப் பொறுத்தது. நம் ஊர் வார்டுகளில் சாதாரணமாகக் கிடைக்கும் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி, மைக்ரோ செட்டில் 60 சொட்டு ஒரு மில்லி. அமெரிக்கப் பாடங்களைப் பார்த்துப் படித்தால் அங்கே 10, 15 என்றும் செட் வரும். நீ பார்த்த வீடியோ அப்படிப்பட்டதாக இருக்கும். செட்டின் கவரிலேயே இந்த எண் அச்சாகியிருக்கும், கிழித்துப் போடுவதற்கு முன்னால் அதைப் படித்துவிடு.

500 மில்லி நார்மல் சலைன் 4 மணி நேரத்தில் போகணும், 20 சொட்டு செட். மொத்தச் சொட்டு 500 பெருக்கல் 20, அதாவது 10,000. மொத்த நிமிடம் 240. வகுத்தால் 41.6, சொட்டை உடைக்க முடியாது என்பதால் 42. உன் நோட்டில் தப்பு வருவது அநேகமாக மணியை நிமிடமாக மாற்றும் இடத்தில்தான் இருக்கும், போய்ப் பார்.

கொஞ்சம் பழகிய பிறகு ஒரு சுருக்கு வழி இருக்கிறது. ஒரு மணிக்கு எத்தனை மில்லி என்று முதலில் கண்டுபிடி. 20 சொட்டு செட் என்றால் அதை 3-ஆல் வகு. 15 சொட்டு செட் என்றால் 4-ஆல். மைக்ரோ செட் என்றால் வகுக்கவே வேண்டாம், மணிக்கு 30 மில்லி என்றால் நிமிடத்துக்கு 30 சொட்டு. ஏன் இப்படி என்று யோசித்துப் பார், 60 நிமிடத்தை 20-ஆல் வகுத்தால் 3, அவ்வளவுதான். மேலே சொன்ன கணக்கில் மணிக்கு 125 மில்லி, 3-ஆல் வகுத்தால் அதே 42. பரீட்சையில் முழு வழியையும் எழுது, சுருக்கு வழியை விடை சரியா என்று பார்க்க வைத்துக்கொள்.

வார்டில் ட்ரிப் குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரைத் திருப்பி வைத்ததோடு வேலை முடிந்துவிடாது. நோயாளி கையை மடக்கினாலும் எழுந்து உட்கார்ந்தாலும் வேகம் மாறும். கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணு, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வந்து எண்ணு.

“என் மகள் நர்ஸிங் படிக்கிறாள். எல்லாக் கணக்குக்கும் போனில் ஆப் வைத்திருக்கிறாள். இது சரியா மேடம்?”
– ஒரு தந்தை, பெரம்பூர்

கால்குலேட்டரை நான் குறை சொல்ல மாட்டேன் சார். பெருக்கி வகுக்க அது உதவும், ஆனால் மைக்ரோகிராமை மில்லிகிராம் என்று நினைத்துத் தட்டினால் அதுவும் தப்பான விடையைத்தான் காட்டும். மகள் முதலில் நோட்டில் போட்டுவிட்டு, அப்புறம் ஆப்பில் சரிபார்க்கட்டும். அவள் கல்லூரி பரீட்சையில் கால்குலேட்டர் உண்டா என்பதை வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது.

“குழந்தைகள் வார்டு போஸ்டிங் ஆரம்பிக்கிறது. எடையை வைத்து டோஸ் போடுவது என்றாலே பயமாக இருக்கிறது. எங்கே கவனமாக இருக்கணும்?”
– மூன்றாம் வருட மாணவி, ராயபுரம்

இந்தப் பயத்தில் தவறே இல்லை மா. பெரியவர்களுக்கு மருந்து கொஞ்சம் கூடினாலும் பல சமயம் உடம்பு தாங்கிக்கொள்ளும், குழந்தைகளிடம் அந்த இடைவெளி மிகவும் குறைவு.

எல்லாருக்கும் தெரிந்த பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். 12 கிலோ குழந்தை, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறார்கள். 180 மில்லிகிராம். இதுவரை யாரும் தப்பு விடுவதில்லை. இப்போது பாட்டிலைப் பார். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 7.5 மில்லி. 5 மில்லியில் 250 உள்ள சிரப் என்றால் 3.6 மில்லி. சொட்டு மருந்து, அதாவது டிராப்ஸ், 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும், அது என்றால் 1.8 மில்லிதான். குழந்தையும் மாறவில்லை, டோஸும் மாறவில்லை, பாட்டில் மாறியதால் மூன்று வேறு அளவு. 7.5 மில்லி என்று சிரப்புக்குப் போட்ட கணக்கை வைத்துக்கொண்டு டிராப்ஸ் பாட்டிலிலிருந்து எடுத்தால் 750 மில்லிகிராம் போய்விடும், கொடுக்க வேண்டியதைப்போல் நான்கு மடங்குக்கும் மேலே. அதனால்தான் வகுப்பில் ‘மில்லியில் சொல்லாதே, மில்லிகிராமில் சொல்’ என்று திரும்பத் திரும்பச் சொல்வேன். அம்மாக்கள் “நேற்று 5 மில்லி கொடுத்தேன் சிஸ்டர்” என்று சொன்னால் எந்த பாட்டில் என்று கேட்காமல் விடக்கூடாது.

எடையைக் கேட்டு எழுதாதே, அன்றைக்கு எடை பார்த்து எழுது. அமெரிக்கக் கணக்குகளில் எடை பவுண்டில் வரும், 2.2-ஆல் வகுத்தால் கிலோ. பவுடராக வரும் இன்ஜெக்‌ஷனில் எவ்வளவு தண்ணீர் விடுவது, விட்ட பிறகு ஒரு மில்லியில் எவ்வளவு மருந்து இருக்கும் என்பதை உள்ளே இருக்கும் சீட்டைப் பார்த்து முடிவு செய். பவுடரும் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்ளும், சின்னக் குழந்தைக்கு அதுவும் கணக்கில் வரும்.

சிரிஞ்சில் அளவு பார்ப்பதையும் இப்போதே பழகிக்கொள். 2 மில்லி சிரிஞ்சில் ஒரு சின்னக் கோடு 0.1 மில்லி, 5 மில்லி சிரிஞ்சில் ஒரு சின்னக் கோடு 0.2 மில்லி. கறுப்பு ரப்பரில் ஊசிப் பக்கம் சிரிஞ்சைத் தொட்டுக்கொண்டிருக்கிற விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு, நடுவில் கூராக இருக்கும் முனையைப் பார்க்கக் கூடாது. சிரிஞ்சைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்.

“இன்சுலின் 40 யூனிட், 100 யூனிட் என்கிறார்களே, யூனிட் யூனிட்தானே? ஏன் சிரிஞ்ச் மாறக்கூடாது?”
– முதலாண்டு மாணவர், மயிலாப்பூர்

யூனிட் யூனிட்தான் தம்பி, ஆனால் ஒரு மில்லியில் எத்தனை யூனிட் கரைந்திருக்கிறது என்பது மாறுகிறது. 40 என்று போட்ட வயலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 என்று போட்டதில் ஒரு மில்லிக்கு 100, அதற்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு அரை மில்லி. அதில் 100 யூனிட் வயலிலிருந்து எடுத்தால் அரை மில்லியில் 50 யூனிட் வந்துவிடும், இரண்டரை மடங்கு. சர்க்கரை தடாலென்று இறங்கி நோயாளி நினைவிழக்கக்கூடும். மாற்றிச் செய்தால், ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை 40 யூனிட் வயலிலிருந்து எடுத்தால் 0.2 மில்லி, 8 யூனிட்தான் போகும், சர்க்கரை இறங்காது. இங்கே கணக்கே போடாதீர்கள் என்பதுதான் என் பதில். வயலும் சிரிஞ்சும் பொருந்தவில்லை என்றால் சரியான சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள்.

எழுதும்போதும் ‘யூனிட்’ என்று முழுதாக எழுதுங்கள். இங்கிலீஷில் ‘யு’ என்று ஒற்றை எழுத்துப் போட்டால் அவசரத்தில் அது பூஜ்யம் மாதிரி தெரியும், 4 யூனிட் 40 ஆகிவிடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் ஜாயின்ட் கமிஷன் என்ற அமைப்பு 2004-ல் வெளியிட்ட, எழுதக் கூடாத சுருக்கங்களின் பட்டியலில் இதுவும் உண்டு. அதே பட்டியலில் இருக்கும் இன்னொரு விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 0.5 என்று எழுதும்போது முன்னால் பூஜ்யம் கட்டாயம், 5 என்று எழுத வேண்டிய இடத்தில் 5.0 என்று பின்னால் பூஜ்யம் கூடாது. புள்ளி கண்ணில் படாவிட்டால் அது 50.

“சதவீதம், ஒன்றுக்கு ஆயிரம் என்றெல்லாம் வருகிறதே, அதை எப்படி மில்லிகிராமாக்குவது?”
– மாணவி, ஆவடி

சதவீதம் என்றால் 100 மில்லியில் இத்தனை கிராம். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் 100 மில்லிக்கு 5 கிராம், 500 மில்லி பாட்டிலில் 25 கிராம். மெக்னீசியம் சல்ஃபேட் 50 சதவீதம் என்றால் 100 மில்லிக்கு 50 கிராம், அப்போ 2 மில்லி ஆம்பூலில், அதாவது உடைத்து எடுக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பியில், 1 கிராம். லேபர் வார்டில் 4 கிராமை 20 சதவீதமாக்கிக் கொடுக்கச் சொன்னால், 4 ஆம்பூல் 8 மில்லி, அதோடு 12 மில்லி சேர்த்து மொத்தம் 20 மில்லி. 20 மில்லியில் 4 கிராம், 100 மில்லிக்கு 20 கிராம், சரியாக வருகிறதா பார்.

ஒன்றுக்கு ஆயிரம் என்றால் 1000 மில்லியில் 1 கிராம். அட்ரினலின் ஆம்பூலில் அப்படித்தான் போட்டிருக்கும், ஒரு மில்லியில் 1 மில்லிகிராம். ஒன்றுக்குப் பத்தாயிரம் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு, ஒரு மில்லியில் 0.1 மில்லிகிராம்.

“ஐசியூ போஸ்டிங்கில் கிலோவுக்கு நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று எழுதுகிறார்கள், பம்ப்பில் மணிக்கு எத்தனை மில்லி என்று வைக்கணும். தலை சுற்றுகிறது.”
– நான்காம் வருட மாணவி, போரூர்

ஒரே மூச்சில் போடாமல் படிப்படியாகப் போ. டோபமின் 200 மில்லிகிராம், மொத்தம் 50 மில்லியாக்கி சிரிஞ்சில் ஏற்றியிருக்கிறார்கள். நோயாளி 60 கிலோ, ஆர்டர் கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம். நிமிடத்துக்கு 60 பெருக்கல் 5, 300 மைக்ரோகிராம். மணிக்கு அதை 60-ஆல் பெருக்கினால் 18,000. சிரிஞ்சில் ஒரு மில்லிக்கு 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம். 18,000-ஐ 4000-ஆல் வகுத்தால் மணிக்கு 4.5 மில்லி. எடை, நிமிடம், மணி, சிரிஞ்சின் அடர்த்தி என்ற வரிசையை மாற்றாமல் ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுது. வேறு வார்டில் வேறு அளவில் கலப்பார்கள், அதனால் ‘எப்பவும் 4.5தான்’ என்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளாதே.

“வார்டில் நான் நோட்டில் கணக்கு போட்டுப் பார்த்தால் சீனியர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் பார்த்த உடனே லோட் பண்ணிவிடுகிறார்கள். கேட்டால் ‘இது கூடத் தெரியாதா’ என்கிறார்கள்.”
– மூன்றாம் வருட மாணவர், வண்ணாரப்பேட்டை

சிரிக்கட்டும் தம்பி, நீங்கள் நோட்டை மூடாதீர்கள். தினமும் கையாளும் மருந்து என்பதால் அவர்கள் கை வேகமாகப் போகிறது, உங்களுக்கு அந்தப் பழக்கம் வர இன்னும் நாள் ஆகும். ஆனால் ஹெப்பாரின், இன்சுலின், பொட்டாசியம் குளோரைடு, குழந்தைகளுக்கான இன்ஜெக்‌ஷன் என்று வந்தால் எத்தனை வருட அனுபவம் உள்ளவரும் இன்னொருவரிடம் காட்டித்தான் கொடுக்க வேண்டும். ஹெப்பாரினில் ஒரு மில்லிக்கு 1000 யூனிட்டும் உண்டு, 5000 யூனிட்டும் உண்டு, வயல் பார்க்க ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பொட்டாசியத்தை டைல்யூட் பண்ணாமல் நரம்பில் நேராக ஏற்றினால் இதயமே நின்றுவிடும்.

“தெரியவில்லை” என்று கேட்காமல், “சிஸ்டர், எனக்கு 1.5 மில்லி வருகிறது, நீங்களும் ஒரு தடவை பாருங்களேன்” என்று வயலையும் சிரிஞ்சையும் சேர்த்து நீட்டுங்கள். அப்படிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் பார்த்துச் சொல்வார்கள். நீங்கள் சொன்ன விடையைக் கேட்டுத் தலையாட்டுவதைவிட, அவர்கள் தனியாகக் கணக்கு போட்டு அவர்கள் விடையைச் சொல்வதுதான் உண்மையான சரிபார்ப்பு. யாரும் பார்க்க மறுத்தால் உங்கள் டியூட்டரைக் கூப்பிடுங்கள். சரிபார்க்கும்வரை மருந்து டிரேயிலேயே இருக்கட்டும்.

“படிப்பு முடித்து தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வெளிநாடு போக முயற்சி செய்கிறேன். அங்கே இந்தக் கணக்கு எப்படி இருக்கும்?”
– வாசகி, அண்ணா நகர்

கணக்கு இதேதான், கேட்கிற விதம்தான் வேறு. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய எழுதும் சிபிடி என்ற கம்ப்யூட்டர் தேர்வில் கணக்குக்கு என்றே தனிப் பகுதி இருக்கிறது: 15 கேள்விகள், 30 நிமிடம். அமெரிக்காவில் நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம். அதில் கணக்குக் கேள்விகள் மற்ற கேள்விகளோடு கலந்து வரும், பல இடங்களில் நான்கு விடையிலிருந்து தேர்ந்தெடுக்க முடியாது, எண்ணை நீங்களே தட்ட வேண்டும். திரையில் கால்குலேட்டர் உண்டு. அங்கே நர்ஸிங் படிக்கிறவர்களுக்குப் பல கல்லூரிகளில் வார்டுக்கு அனுப்பும் முன்பே டோஸ் கணக்கில் தனித் தேர்வு உண்டு, 90 சதவீதத்துக்குக் குறைந்தால் திரும்ப எழுத வேண்டும் என்கிற அளவுக்குக் கண்டிப்பாக இருப்பார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது தசமத்தை முழுமையாக்கும், அதாவது ரவுண்ட் ஆஃப் செய்யும் இடம். எத்தனை இடத்துக்கு என்று கேள்வியிலேயே சொல்லியிருப்பார்கள். நடு வரிகளில் எங்கேயும் முழுமையாக்காமல் கடைசி விடையில் மட்டும் செய்யுங்கள். பவுண்டு, அவுன்ஸ், டீஸ்பூன் என்றும் அங்கே வரும். ஒரு டீஸ்பூன் 5 மில்லி, ஒரு அவுன்ஸ் 30 மில்லி என்று வைத்துக்கொண்டு, டியூட்டி இல்லாத நாளில் நேரம் வைத்து 15 கேள்வி போட்டுப் பாருங்கள். தப்பான ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில் தப்பு அலகிலா, லேபிளைப் படித்ததிலா, முழுமையாக்கியதிலா என்று குறித்துவைத்தால், அடுத்து எந்த வகைக் கணக்கை எடுத்துப் போட வேண்டும் என்பது அந்தக் குறிப்பிலேயே தெரிந்துவிடும்.